தீவுப் புத்தகமும் என் மேசன் விசாவும்

கிரேக்க நாட்டில் ஒரு சின்னத் தீவு இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். அந்தத் தீவை நான் பார்த்ததில்லை, பார்க்கும் ஆசையும் இல்லை. ஆனால் எந்தக் கடற்கொள்ளைக்காரன் அதைக் கொளுத்தினான், வெனிஸ்காரர்கள் எந்த மேட்டில் கோட்டை கட்டினார்கள், துருக்கியருக்கு என்ன கப்பம் போனது, இத்தாலிக்காரர்கள் வந்து பள்ளிக்கூடத்தில் எந்த பாஷை பேசச் சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அறந்தாங்கிப் பக்கத்தில் இருக்கும் என் சொந்த ஊரை யார் ஆண்டார்கள் என்று கேட்டால் முழிப்பேன்.

எல்லாம் என் மேனேஜரின் உபயம். துபாயில், அல் குசைஸ் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், கப்பல் உதிரிபாகம் விற்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். மேனேஜர் அந்தத் தீவுக்காரர், அறுபதைத் தாண்டியவர், கழுத்தில் மூக்குக்கண்ணாடியும் சட்டைப் பையில் சிவப்புப் பேனாவும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. நான் அஜ்மானில் ஒரு ரூமில் ஆறு பேரில் ஒருவனாக இருந்தேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் எட்டு மணி டியூட்டிக்கு வந்து சேரலாம்.

நான் இங்கிலீஷ் டைப்பிங் ஹையர் பாஸ் செய்தவன். ஆனால் என் விசாவில் தொழில் என்ற இடத்தில் ‘மேசன்’ என்று இருந்தது. ஊரில் ஏஜென்ட் கையில் அன்றைக்கு இருந்தது அந்த விசாதான், வேறு யோசனை இல்லாமல் ஏறி வந்துவிட்டேன். வாழ்நாளில் கரணையைக் கையில் பிடித்ததில்லை. லேபர் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் நான் எழுந்துபோய் ஸ்டோருக்குப் பின்னால் வெயிலில் நிற்க வேண்டும். கொத்தனாருக்குக் கம்ப்யூட்டர் முன்னால் என்ன வேலை என்று கேட்டால் கம்பெனிக்கு அபராதம். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்றுதான். மேசன் விசாவில் இருப்பவன் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது.

என் மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். மகளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. நான் அவளோடு இருந்தது இரண்டு லீவுகள். முதல் லீவில் என்னைப் பார்த்து அழுதாள். இரண்டாவது லீவில் அழாமல், “எப்பப் போவீங்க?” என்று மரியாதையாகக் கேட்டாள். அழுததே தேவலை என்று இருந்தது.

கம்பெனிக்காக அரபு ஆபீஸ்களுக்கு அலையும் பி.ஆர்.ஓ. ஒரு மலையாளி. அவர்தான் வழி சொன்னார். “டிசிக்னேஷன் மாத்தணும். மேசன் போயி கிளார்க் ஆவணும். உன்ட சர்டிபிகேட் அட்டஸ்டேஷன் கழிஞ்சல்லோ? பின்னே ஒரு ஃபாரம், அதில் மேனேஜரின்ட ஒரு ஒப்பு. அத்ர தான்.”

அவர் பாஷையில் கழிஞ்சது என்றால் முடிந்தது, ஒப்பு என்றால் கையெழுத்து. அது ஒன்றுதான் பாக்கி. ஃபாரத்தை நானே டைப் செய்து மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் படித்துப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு அதைத் தன் மேஜை டிராயரில் போட்டு மூடினார். அவர் பேசியது உடைந்த ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன். “நல்லது. செய்யலாம். முதலில் புத்தகம். புத்தகம் கலாஸ் ஆனதும் கையெழுத்து.”

கலாஸ் என்றால் முடிந்தது என்று அர்த்தம். வளைகுடாவில் எல்லோரும் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் சொல். அவர் விஷயத்தில் மட்டும் அது கலாஸ் ஆகவே இல்லை.

புத்தகம் என்பது அவருடைய தீவின் வரலாறு. பிழைப்புக்காக ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்ட தீவுக்காரர்களின் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் படிக்க வராது. அவர்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டு, ஆகஸ்டில் நடக்கும் கோயில் திருவிழாவில் எல்லோருக்கும் கொடுப்பது என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். தீவில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கட்டுக்கட்டாகக் காகிதங்களும் பழைய போட்டோக்களும் அனுப்புவார். மேனேஜர் அதைத் தன் கையால் ஆங்கிலத்தில் எழுதுவார். அவர் எழுத்து, எறும்பு மசியில் விழுந்து நடந்த மாதிரி இருக்கும். அதை நான் டைப் செய்வேன். அவர் சிவப்புப் பேனாவால் கோடு கிழித்துத் திருப்பித் தருவார். ஒரு பக்கத்துக்கு ஏழு தடவை, எட்டுத் தடவை. கோட்டையை வெனிஸ்காரன் கட்டினான் என்று திங்கட்கிழமை இருக்கும். புதன்கிழமை, பழைய கோட்டையைச் செப்பனிட்டான் என்று மாறும். சனிக்கிழமை மறுபடியும் கட்டினான் ஆகிவிடும். யார் கட்டினால் எனக்கென்ன, என் ஃபாரம் டிராயரில் கிடக்கிறதே என்று எனக்கு வயிறு எரியும்.

வெள்ளிக்கிழமை டெலிபோன் கார்டு வாங்கி ஊருக்குப் பேசுவேன். மனைவி எடுத்ததும் கேட்பாள். “என்னங்க, அந்தத் தீவு எதுவரைக்கும் வந்திருக்கு?”

“துருக்கிக்காரன் போயிட்டான். இத்தாலிக்காரன் வந்திருக்கான்.”

“அவன் எப்பப் போவான்?”

“ரெண்டு வாரமாகும்.”

“இங்க அட்மிஷன் போடுறாங்க. பிள்ளைய இங்க சேக்கவா, அங்க சேக்கவா? எல்லாரும் கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல? கிரேக்கத்துல சண்டை முடியலன்னா சொல்ல முடியும்?”

கார்டில் இருந்த நிமிடங்கள் ஓடின. அஜ்மானிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு வைத்திருந்தேன். குழந்தையின் விசா நகல் இல்லாமல் சீட் கிடையாது என்று ஆபீஸில் இருந்த பெண் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

ஒருவழியாக வரலாறு முடிந்தது. அப்பாடா என்று இருந்தபோது இரண்டாம் பாகம் என்று இன்னொரு கட்டைத் தூக்கி வைத்தார். தீவின் பெரிய மனிதர்கள். நம் பக்கத்து ஒரு பஞ்சாயத்து அளவுகூட இல்லாத தீவு, அதில் எண்பதுக்கு மேல் பெரிய மனிதர்கள். ஒரு பிஷப் இருந்தார், சரி. கழுதை மேல் ஏறிப் போய் வைத்தியம் பார்த்த டாக்டர் இருந்தார், அவரும் சரி. கடலுக்கடியில் மூச்சடக்கிக் கடற்பஞ்சு எடுப்பது அந்தத் தீவின் தொழில். எல்லோரையும்விட ஆழம் போய், கால் விளங்காமல் மேலே வந்து, அதன்பிறகு முப்பது வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி டைப் செய்யும்போது எனக்கே கொஞ்சம் மனசு கனத்தது. ஆனால் தீவில் முதன்முதலில் தக்காளி பயிரிட்டவர் எப்படிப் பெரிய மனிதர்? முதல் தையல் மெஷின் வாங்கியவர்? இந்த ரீதியில் பார்த்தால் எங்கள் ரூமில் ஆறு பேருமே பெரிய மனிதர்கள்தான்.

இதைவிடப் பெரிய தலைவலி அவர்களுடைய பெயர்கள். அந்தத் தீவில் மூத்த பையனுக்கு அப்பாவழித் தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும். மாற்றமே கிடையாது. அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தால் நாலு பேரின் மூத்த மகனுக்கும் ஒரே தாத்தா, ஒரே பெயர். குடும்பப் பெயரும் ஒன்றே. நடுவில் வரும் அப்பா பெயரை வைத்துத்தான் யார் எவர் என்று பிரிக்க முடியும். அந்த அப்பா பெயர்களோ, டைப் செய்து முடிக்கும்போது வரி தாண்டி அடுத்த வரிக்கு ஓடும். மேனேஜரோ, பக்கம் கூடக்கூடாது, பிரிண்டிங்குக்கு இவ்வளவுதான் என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

நான் தமிழ்நாட்டுக்காரன். அப்பா பெயர் நீளமாக இருந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் எழுத்தை மட்டும் முன்னால் போட்டு ஒரு புள்ளி வைத்தால் வேலை முடிந்தது. ஊரில் ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை அப்படித்தான். நான் எண்பது பேருக்கும் அப்பாவை இனிஷியலாக்கினேன். பக்கங்கள் கச்சிதமாக அடங்கின. மேனேஜரும் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

இனிஷியல் போட்டு அகரவரிசைப்படுத்தியபோது, பக்கத்துப் பக்கத்தில் ஒரே ஆள் இரண்டு முறை வந்திருந்தார். அதே இனிஷியல், அதே பெயர், அதே குடும்பப் பெயர். ஒரு குறிப்பு அரைப் பக்கம்: பெரும்புயலில் சரக்குக் கப்பலின் சுக்கான் உடைந்தும், நான்கு நாள் போராடி, ஒரு உயிர்கூடப் போகாமல் கரை சேர்த்த கேப்டன். இன்னொரு குறிப்பு இரண்டே வரி: நாற்பது வருடம் கடலில் இருந்தார், அவர் வைக்கும் மீன் சூப்புக்கு ஈடு கிடையாது. மேனேஜர் ஒரே சங்கதியை இரண்டு தடவை எழுதித் தருவது வாடிக்கை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, அவருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று இரண்டையும் ஒன்றாக்கினேன். புயல், சுக்கான், நான்கு நாள், கரை, கடைசியில் மீன் சூப். படத்துக்கு, அந்தப் பெயருக்கென்று மேனேஜர் தன் கையால் தனியாகக் கொடுத்திருந்த போட்டோவை வைத்தேன்.

புரூப் போனது. திரும்பி வந்தபோது பிஷப்பின் பக்கம் முழுக்கச் சிவப்பு. தக்காளிக்காரர் பக்கம் சிவப்பு. அந்தக் கேப்டன் பக்கத்தில் மட்டும் ஒரு கீறல் இல்லை. நான் சந்தோஷப்பட்டேன், ஒரு பக்கமாவது உருப்படியாக வந்ததே என்று.

ஃபைல் அச்சகத்துக்குப் போகும் முன், போட்டோக்களை உறைகளில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று மிஞ்சியது. கேப்டன் தொப்பி போட்ட, மீசை வைத்த மனிதர். பின்பக்கம் கிரேக்கத்தில் எழுதியிருந்ததை என்னால் படிக்க முடியவில்லை. எண்பது பேரில் இவர் யார் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லோருக்கும் படம் இருந்தது. அப்போதுதான் மேனேஜரின் கையெழுத்துப் பிரதியை எடுத்து, அந்த இரண்டு குறிப்புகளில் இருந்த முழுப் பெயர்களைப் பார்த்தேன். அப்பா பெயர்கள் வேறு வேறு. முதல் எழுத்து மட்டும் ஒன்று. இரண்டு ஆட்கள். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும். சூப் வைத்தவரின் பெயரை நான் தினமும் டைப் செய்துகொண்டிருந்தேன். கம்பெனி லெட்டர்களில் மேனேஜரின் பெயருக்கு நடுவில் வரும் பெயர் அது. அவருடைய அப்பா.

மிஞ்சிய போட்டோவை எடுத்துக்கொண்டு அவர் ரூமுக்குப் போனேன்.

“சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. ரெண்டு பேரை ஒண்ணாக்கிட்டேன். கேப்டன் இவர். புக்ல படம் வேற ஆள் படம்.”

அவர் போட்டோவை வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். டிராயரைத் திறந்து, என் ஃபாரத்தின் மேல் அதைக் கவிழ்த்து வைத்து மூடினார். “பக்கம் நன்றாக இருக்கிறது. பிரிண்டுக்கு அனுப்பு. யல்லா, சீக்கிரம்.”

ஒரு கமாவுக்காக ஏழு தடவை என்னை வதைத்த மனிதர் இவர். பார்த்துத்தான் விட்டிருக்கிறார். அவர் புரூப் படித்த அன்றைக்கே தெரிந்திருக்கும். எனக்கு எரிச்சல் ஒரு பக்கம், பாவமாகவும் இருந்தது. ஆனால் நான் மட்டும் யோக்கியனா? இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் முகம் சுருங்கும், முகம் சுருங்கினால் டிராயர் திறக்காது. எனக்கு என் கையெழுத்து வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஃபைலை அனுப்பினேன்.

புத்தகம் வந்தது. வழுவழு தாள், அட்டையில் நீலக் கடல். இப்போதாவது என்று கேட்டேன். திருவிழா முடியட்டும் என்றார். ஆகஸ்டில் பெட்டி பெட்டியாகப் புத்தகத்தோடு தீவுக்குப் போனார். மகளை ஊரிலேயே சேர்த்தாகிவிட்டது என்று மனைவி சொன்னாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

செப்டம்பரில் அவர் திரும்பி வந்த வாரம், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தபால் பிரிப்பது என் வேலை என்பதால் நான்தான் முதலில் படித்தேன். அந்தக் கேப்டனின் மகள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம்தான், ஆனால் ஒவ்வொரு வரியும் சுட்டது. அப்பாவின் பக்கத்தில் இருப்பது அப்பாவின் படம் இல்லை, அதே கப்பலில் சமையல்காரராக இருந்த அவருடைய சித்தப்பா மகனின் படம். அப்பா தன் ஆயுளில் அடுப்படிப் பக்கம் போனவர் அல்ல. சூப் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இது யார் செய்த வேலை என்று எழுத்தில் விளக்கம் வேண்டும்.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். என்னை உட்காரச் சொல்லி, பதிலைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் குறிப்பு எடுத்தேன்.

வருந்துகிறோம் என்று ஆரம்பித்தது. பிறகு வந்தது இது: “இந்தப் பிழை முழுக்க எங்கள் டைப்பிஸ்டினுடையது. அவர் ஒரு இந்தியர். தொழிலால் அவர் டைப்பிஸ்டே அல்ல, கொத்தனார். நம் தீவின் பெயர்களைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. தேவைப்பட்டால் அவருடைய விசாவின் நகலை அனுப்பத் தயாராக இருக்கிறோம்.”

என் பேனா நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் போய்ச் சொன்னேனா இல்லையா? போட்டோவைக் கையில் கொடுத்தேனா இல்லையா? அந்த ஆபீஸில் அத்தனை காலத்தில் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்ந்துவிட்டது.

“சார், இந்த லெட்டரை நான் டைப் பண்ணித் தரேன். ஒரு வார்த்தை மாத்தமாட்டேன். ஆனா அந்த டிராயர்ல என் ஃபாரம் இருக்கு. அதுல முதல்ல கையெழுத்துப் போடுங்க. போடலேன்னா நாளைக்கு நிஜமாவே சைட்டுக்குப் போய்க் கல்லு தூக்குறேன். உங்க தீவுக்கு வேற ஆளைப் பாருங்க.”

ஸ்டோரில் யாரோ இரும்பை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, என்னிடம் இல்லை, ஜன்னலிடம் சொல்வதுபோலச் சொன்னார். “அந்த நாலு நாளும் என் அப்பா அந்தக் கப்பலில்தான் இருந்தார். தண்ணீர் அடுப்புவரை வந்தது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சூப் வைத்துக் கொடுத்தார். ஒருத்தரையும் பட்டினியாக விடவில்லை.”

“அதை எழுதியிருக்கலாமே சார்.”

“எழுதினால் சமையல்காரர் என்று எழுத வேண்டும்.”

என் ஊரில் நான் கிளார்க் என்றுதான் சொல்லியிருந்தேன். மேசன் விசா என்பது மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவர் டிராயரைத் திறந்தார். போட்டோவை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு ஃபாரத்தை வெளியே எடுத்து, சட்டைப் பையில் கைவிட்டார். சிவப்புப் பேனா வந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டு, என் கையில் இருந்த நீலப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நான் என் இடத்துக்குப் போய் அந்தக் கடிதத்தை டைப் செய்து கொண்டுவந்தேன். அதிலும் அதே பேனாவால் போட்டார். மத்தியானம் பி.ஆர்.ஓ. இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார். முதல் காகிதத்தை லேபர் ஆபீஸில் கொடுத்தார், இரண்டாவதைப் போஸ்ட் ஆபீஸில் சேர்த்தார்.

அந்த வருடம் முடிவதற்குள் மனைவியும் மகளும் வந்தார்கள். அஜ்மானில் ஒரு சின்ன ஃபிளாட். மகளுக்கு என்னோடு பழகச் சில மாதம் பிடித்தது. ஒருநாள் அவள் என் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டி, ரத்து முத்திரை குத்திய விசாப் பக்கத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்து, மேசன்னா என்னப்பா என்று கேட்டாள். வீடு கட்டுறவங்க என்றேன். நீங்க கட்டுனீங்களா என்றாள். இல்லை என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தேன்.

அதன்பிறகு பல வருடம் நான் அதிகாரபூர்வமாகக் கிளார்க். யாரும் என்னை ஸ்டோருக்குப் பின்னால் போகச் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் ஒரு வீட்டில், ஏதோ ஒரு பெட்டியில் அந்தக் கடிதம் இருக்கும். அதில் நான் ஒன்றும் தெரியாத கொத்தனார். அதைச் சொன்னவர் அவர். டைப் செய்தவன் நான். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் செய்தேன்.